கைப்பேசிக் கடையில் மரபு நெல்

நம் மாணவருள்ளும் பழைய மாணவருள்ளும் சிலர், தம் குடும்பத்து வயலில் விளைந்த மாப்பிள்ளைச் சம்பாவையும் கறுப்புக் கவுனியையும் தூயமல்லியையும் கைப்பேசி வாயிலாகவே விற்கத் தலைப்பட்டிருக்கின்றனர். வாடகையில்லை, பெயர்ப்பலகையில்லை, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் வாட்ஸ்அப்பில் ஓர் எண்ணுமே கடை. இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயினும், விற்பனையைப் பெருக்குதற்கு இத்துறையிற் பலர் கைக்கொள்ளும் வழி நமக்கு உடன்பாடன்று.

இவ்வாணிகம் பொழுதுபோக்கன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். மத்திய அரசினர் நெல்லுக்கு அறிவிக்கும் ஆதரவு விலை, பொது ரகம், சன்ன ரகம் என்னும் இரண்டிற்கே உரியது. மாப்பிள்ளைச் சம்பாவோ ஏறத்தாழ ஐந்து மாதம் வயலில் நிற்பது. உயர்ந்து வளர்ந்து காற்றிற் சாய்வது. குட்டை ரகங்களைப்போல் மகசூல் தாராதது. அதன் அருமையறிந்து கூடுதல் விலை கொடுப்பார் கிடைத்தாலன்றி உழுதவனுக்கு நட்டமே. 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும் முறையால் 170க்கு மேற்பட்ட ரகங்களைப் பரப்பினார். விதை மீண்டது; விளைந்ததை வாங்குவோரைத் தேடும் பொறுப்பு நம்மவரைச் சேர்ந்தது.

அவர் தேடும் விதம் யாது? ரீல்ஸ் எனப்படும் துணுக்குப் படத்தில் வயலும் வரப்பும் தோன்றுகின்றன, பின்னணியிற் பாட்டு முழங்குகின்றது, அது கிடக்க. உடனே, இவ்வரிசி நீரிழிவைப் போக்கும் என்றும், மருந்தே வேண்டா என்றும் எழுத்துகள் ஓடுகின்றன. இதுவே நாம் கண்டிப்பது. தீட்டாத அரிசியில் தவிடு தங்குவதால் நார்ச்சத்து மிகுதி என்பது மெய். ஆனால் அதுவும் அரிசியே; பெரும்பகுதி மாவுச்சத்தே. விளம்பரத்தை நம்பி ஒரு முதியவர் மாத்திரையை நிறுத்துவாராயின், அப்பழிக்கு ஈடாக எத்தனை மூட்டை விற்றால் போதும்? 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொய் விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிப்பதும் நினைக்கத்தக்கது. கொள்வதில் மிகையும் கொடுப்பதிற் குறையும் இல்லாதவர் எனக் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. அப்பட்டினம் நம் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்ததன்றோ!

படம் முதற் பையை விற்கும். இரண்டாம் பையை விற்பது சமையலறை. மரபரிசி வாங்கியவர் மீண்டும் வாராமைக்கு நாம் அறிந்த முதற் காரணம், சோறு வேகவில்லை என்பதே. கவுனியை இரவே ஊறவையாமல் உலையிலிட்டால் அது பல்லுக்கு அடங்காது. எத்தனை மணி ஊறவைப்பது, எவ்வளவு நீர் வார்ப்பது, குக்கரில் எவ்வளவு நேரம் விடுவது என்பவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையுள் வைத்தல், நூறு படங்களினும் பயன் தரும். அடுத்தது வண்டு. தவிட்டில் எண்ணெய் உண்மையால் தீட்டாத அரிசி விரைவில் சிக்குநாற்றம் கொள்ளும். வண்டும் எளிதிற் பற்றும். நெல்லாகவே சேமித்து, கேட்புக்கு ஏற்பச் சிறிது சிறிதாக அரைத்து, அரைத்த தேதியைப் பையின்மேல் எழுதுக. புழுங்கலா பச்சையா, எந்த ஊர், எந்தப் பருவம் என்பவற்றையும் மறையாது கூறுக.

விலையை மறைத்துத் தனிச்செய்தியிற் கேட்கச் சொல்லும் வழக்கமும் ஒழிதல் நன்று. ஆளுக்கொரு விலையோ என்ற ஐயத்தையே அது விளைக்கின்றது. வாட்ஸ்அப் வணிகச் செயலியில் 2019 முதல் பொருட்பட்டியல் அமைக்கும் வசதி உண்டு. அதில் எடையும் விலையும் அனுப்புகூலியும் வெவ்வேறாகக் காணப்படுக.

இக்கூலியே தொலைவிலுள்ளவர்க்குப் பெருந்தடை. ஒரு கிலோவாகத் தனித்தனியே அனுப்பினால், அரிசியின் விலையோடு கூலியும் போட்டியிடும். சென்னையில் ஓர் அடுக்குமாடியிற் பத்து வீட்டார் கூடி 50 கிலோவை ஒரே லாரிப் பார்சலாகப் பெற்றால் சுமை குறையும். தை அறுவடைக்கு முன்னரே, சென்ற பருவத்தில் வாங்கியோரின் பெயர்களை எடுத்து, அரிசி நன்றாய் வெந்ததா, அக்கம்பக்கத்தார் எவரேனும் உடன் சேர்வாரா என்று ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே எழுதிக் கேட்கலாம்.