பெயரும் பெயர்ச்சியும்

துறைமுகப் பட்டினத்தில் வளர்ந்தவர்களுக்குச் சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் புதுமையல்ல. கோதுமையாயினும் சீமெந்தாயினும் கணக்கின்றி எந்தக் கப்பலிலிருந்தும் இறங்குவதில்லை. எண்ணுபவர் ஒருவர்; சரிபார்ப்பவர் வேறொருவர். குறைந்ததற்கு ஒரு குறிப்பு. நனைந்ததற்கு ஒரு குறிப்பு. ஒப்படைத்தவரும் பொறுப்பேற்றவரும் கையெழுத்திட்ட பின்னரே கணக்கு முடிகிறது. உயிரற்ற பொருளுக்கு இத்தனை மரியாதை செய்யும் நாம், உயிருள்ள மனிதரின் பெயர்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும்போது என்ன செய்கிறோம்? எண்ணுவதில்லை, சரிபார்ப்பதில்லை, சிதைந்ததை எவரும் குறித்து வைப்பதுமில்லை. இந்த அலட்சியத்தைக் கண்டித்தே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

இன்று சிறு கடையும் பெருங் கொம்பனியும் தத்தம் வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், பிறந்த நாள், வாங்கிய பொருள் ஆகியவற்றைத் திரட்டி வைத்திருக்கின்றன. அத்திரட்டைக் கொண்டு விளம்பரமும் வாழ்த்தும் அனுப்புவதற்கென்றே சந்தைப்படுத்தல் தளங்கள் எனப்படும் கணினிச் சேவைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான மெயில்சிம்ப்பை 2021ஆம் ஆண்டில் இன்ருயிற் என்னும் அமெரிக்கக் கொம்பனி ஏறத்தாழ 1200 கோடி டொலருக்கு வாங்கியது என்றால், பெயர்ப்பட்டியல் எத்துணைப் பெருஞ் செல்வமாகிவிட்டது என்பதை உணரலாம். கட்டணம் கூடினாலோ வசதி குறைந்தாலோ வியாபாரி ஒரு தளத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகிறார். போகும்போது பட்டியலையும் கொண்டுபோகிறார். கொம்பனிகள் ஒன்றோடொன்று சேரும்போதும் இதுவே நிகழ்கிறது. 2018இல் எற்றிசலாற் ஹட்ச்சுடன் இணைந்தது. 2024இல் எயார்டெல் லங்காவை டயலொக் வாங்கியது. நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம். நம் பெயர்கள் பெயர்ந்தன.

இதிலென்ன குறை, பெயர் போனால் போகட்டுமே என்பார்க்கு நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு விடுமுறையில் திருகோணமலை நகரக் கடைத்தெருவில் ஒரு வியாபார நிலையத்தில் சில வாரங்கள் வேலை செய்தேன். நிலாவெளி, கிண்ணியா, மூதூர், கந்தளாய் எனப் பல ஊரவரும் மூவின மக்களும் வந்து வாங்கும் கடை அது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் அந்நிலையம் தன் வாடிக்கையாளர் பட்டியலைப் பழைய கணினித் தளத்திலிருந்து புதிய தளமொன்றுக்கு மாற்றியது. ஒரே இரவில் வேலை முடிந்தது. மறுநாள் காலை ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்த்துச் செய்தி சென்றது. நண்பகலில் மூதாட்டி ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டியபடி கடைக்கு வந்தார். "தம்பி, இவர் போய் ஏழு வருசம். இப்ப இவருக்கு ஆர் வாழ்த்து அனுப்பினது?" என்று கேட்டார். மறுமொழி சொல்ல எவருக்கும் நா எழவில்லை.

நடந்தது இதுதான். பழைய பட்டியலில் அம்மையாரின் முழுப்பெயர் கணவர் பெயரோடு சேர்த்து ஒரே நிரலில் எழுதப்பட்டிருந்தது. புதிய தளமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு நிரல்களைக் கேட்டது. முன்னால் நின்ற சொல் முதற்பெயர் என்று கணினி கொண்டது. தந்தை பெயரையோ கணவர் பெயரையோ முன்னே வைத்துத் தம் பெயரைப் பின்னே வைப்பது நம் வழக்கம். குடும்பப்பெயர் என்றொன்று நம்மிற் பெரும்பாலோருக்குக் கிடையாது. மேனாட்டார் தம் வழக்கிற்கேற்ப அமைத்த இரு பெட்டிகளுள் நம் பெயரைத் திணித்தால், மகனுக்கு எழுதிய கடிதம் தந்தைக்குப் போகும். மனைவிக்கு எழுதியது மறைந்த கணவருக்குப் போகும். சிங்கள மக்களின் நீண்ட பெயர்களுக்கும் முஸ்லிம் மக்களின் பலசொற் பெயர்களுக்கும் அப்பெட்டிகளில் நேர்வதும் இதுவே.

"இது தொழில்நுட்பக் கோளாறு; கணினி வல்லுநர் பார்த்துக்கொள்வர்; கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன வேலை?" என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். கணினி வல்லுநர் கோப்பைப் பார்ப்பார். பெயரைப் பார்ப்பதற்குப் பெயரின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அம்முறையில் கணினி சேமித்து வைப்பது தமிழெழுத்தை அன்று. ஆங்கில எழுத்துகளையும் நிறுத்தக் குறிகளையுமே. திரையில் தமிழ் உருவம் தெரிவது எழுத்துருவின் வித்தை. 'தமிழ்' என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். 'இ' என்னும் உயிரெழுத்தோ வெறும் காற்புள்ளி. தளத்துக்குத் தளம் பட்டியல்கள் பெரும்பாலும் காற்புள்ளியால் நிரல் பிரித்த கோப்புகளாகவே பயணஞ் செய்கின்றன. ஆகவே, மேற்கோட்குறிக்குள் அடைத்துக் காக்காவிடின், 'இலங்கை' என்ற சொல்லின் முதலெழுத்தே வேலியாக மாறி, எஞ்சியது அடுத்த நிரலுக்குள் விழும். நிரல் பிரிக்க அரைப்புள்ளியைக் கையாளும் கோப்பாயின் நம் மெய்யெழுத்துகளின் புள்ளியெல்லாம் கத்தியாகிச் சொல்லை வெட்டும். தமிழ் ஒருங்குறியில் இடம்பெற்றது 1991இல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றாமல் அப்படியே தூக்கிச் செல்வது வறுமையால் அன்று, அசட்டையால்.

பெயர் மட்டுமன்று, எண்ணும் தப்புவதில்லை. 026 என்று தொடங்கும் நம் மாவட்டத் தொலைபேசி எண்ணை எக்செல் கோப்பிற் கவனமின்றித் திறந்தால், அது எண்ணுக்கு முன்னுள்ள பூச்சியத்தைப் பயனற்றதென்று நீக்கிவிடும். மார்ச் 4ஆம் நாள் பிறந்தவர், மாதத்தை முன்னெழுதும் அமெரிக்க முறையில் அமைந்த தளத்துக்குச் சென்றதும் ஏப்ரல் 3ஆம் நாள் பிறந்தவராவார். இவற்றை எவரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மை. வேண்டுமென்று செய்தால் குற்றம். வேண்டாமென்று பாராதிருந்தால் குற்றமில்லையா?

அடுத்தது மொழி. அந்நிலையத்தின் பழைய பட்டியலில் ஒவ்வொருவரும் எம்மொழியில் செய்தி பெற விரும்புகிறார் என்ற குறிப்பு இருந்தது. புதிய தளத்தில் அதற்குரிய நிரல் ஆயத்தமாக இருக்கவில்லை. புதிதாக அமைக்க ஒருவரும் நினைக்கவில்லை. விளைவு, மூதூர்க் கமக்காரருக்கும் கந்தளாய்க் கமக்காரருக்கும் ஒருங்கே ஆங்கில வாழ்த்துப் போயிற்று. இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் செலவு. அதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் அடங்கும்; தமிழ், சிங்களச் செய்திகளுக்கு 70 குறிகளே இடம். 'திருகோணமலை' என்று நாம் ஆறெழுத்தாக எண்ணும் சொல் கணினிக்குப் பத்துக் குறிகள். எனவே அதே வாழ்த்தைத் தமிழில் அனுப்ப இரண்டு மூன்று செய்திகளின் விலை ஆகலாம். ஆயினும், ஒருவரிடம் உமக்கு விருப்பமான மொழி எது என்று கேட்டு எழுதி வாங்கிய பின், அவ்வெழுத்தை வழியில் எறிந்துவிடுவது சிக்கனமா? அது வாக்குத் தவறுதல்.

1956ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தமிழரசுக் கட்சி மாநாடு கூடி மொழியுரிமை கோரியது இதே திருகோணமலையில்தான். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று விதித்தது. யாப்பிலே ஏறிய மொழி வாடிக்கையாளர் பட்டியலின் ஒரு நிரலிலிருந்து சத்தமின்றி இறங்கிப் போகிறது. சட்டத்தால் பறிக்கப்பட்டிருந்தால் ஊர்வலம் போயிருப்போம். கோப்பிலிருந்து உதிர்ந்தது ஆகையால் அதை நாம் கவனிக்கவேயில்லை.

மூன்றாவதும் மிகப் பெரியதுமான கேடு இசைவு பற்றியது. ஒரு தளத்திலிருந்து பட்டியலை வெளியே எடுக்கும்போது, செய்தி பெற இசைந்தோர், வேண்டாமென்று விலகியோர், முகவரி தவறியோர் எனப் பெயர்கள் தனித்தனிக் கோப்புகளாக வருவதுண்டு. அவற்றைப் பிரித்துப் பாராது ஒன்றாகக் கொட்டினால், விலகியோர் யாவரும் மீண்டும் இசைந்தோர் ஆவர். நான் கண்ட நிலையத்தில் நடந்ததும் அதுவே. கிண்ணியாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தாம் இருமுறை வேண்டாம் என்று சொல்லியும் மூன்றாம் முறை செய்தி வந்ததேன் என்று வினவினார். ஒருவரின் 'ஆம்' கவனமாகக் கொண்டுசெல்லப்படுகிறது, 'இல்லை' கொண்டுசெல்லப்படுவதில்லை. ஆம் என்பதில் காசு உண்டு; இல்லை என்பதில் மானம் மட்டுமே உண்டு.

"சட்டம் வரட்டும், பார்ப்போம்" என்பது வியாபாரிகளின் இறுதி அரண். சட்டம் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மார்ச் மாதம் சான்றுப்படுத்தப்பட்டது. தரவு திருத்தமாக இருக்க வேண்டும். கொடுத்த இசைவை மீளப்பெற உரிமை உண்டு. இசைவின்றி விளம்பரச் செய்தி அனுப்பலாகாது. விலகிக்கொள்ளச் செலவற்ற வழி காட்டப்பட வேண்டும் என்பன அதன் சாரம். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 20ஆம் உறுப்புரை, தன்னைப் பற்றிய தரவைப் பெற்று வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையை அத்தரவுக்குரிய மனிதருக்கே அளிக்கிறது. அங்கே பெயர்ச்சி பெயருக்குரியவரின் உரிமை. இங்கே அது பட்டியல் வைத்திருப்பவரின் வசதி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே நாம் கடக்கவேண்டிய தூரம்.

தனியார் செய்வதை அரசு நேராக்கும் என்று காத்திருப்போர் இன்னொன்றையும் நினைவுகொள்ள வேண்டும். 2023 ஓகஸ்டில் அரசின் மின்னஞ்சல் சேவை கணினித் தாக்குதலுக்கு உள்ளானபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீளப் பெறமுடியாதவாறு அழிந்தன. அக்காலத்துக்குரிய பிரதி இருக்கவில்லை. தன் ஏட்டையே காக்கத் தவறிய ஓர் அமைப்பு நம் ஏட்டைக் காக்குமென்று வாளாவிருத்தல் அறிவுடைமையன்று.

பெயர் தவறினால் என்ன நேரும் என்பதை இம்மாவட்டத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2006இல் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்தோர் பட்டியல்களின் வழியே வாழ்ந்தவர்கள். பட்டியலில் பெயர் இருந்தாற் பங்கீடு, இல்லையேல் விளக்கம். பிறப்புச் சான்றிதழில் ஓரெழுத்தும் அடையாள அட்டையில் வேறெழுத்தும் இருந்தமையால் அலுவலகப் படியேறி இறங்கியவர்கள் நம் வீடுகளிலேயே உள்ளனர். அந்த அனுபவத்தையும் ஒரு கடையின் வாழ்த்துச் செய்தியையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அளவு வேறு, வேர் ஒன்று. பெயரை மனிதரின்றும் பிரித்துச் சரக்காகக் காணும் மனப்பான்மையே அவ்வேர்.

இனி நம்மவரைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்ச் சங்கங்களில் மொழியின் தொன்மையைப் பேசுகிறோம். முத்தமிழ் விழா எடுக்கிறோம். தூய தமிழ்ப் பெயர் சூட்டுமாறு ஊரவரை வேண்டுகிறோம். சூட்டிய பெயர் கணினியில் என்னவாகிறது என்று ஒருநாளேனும் பார்த்தோமா? மொழியியல் கற்போர் பெயரமைப்பை ஆராயலாம். சட்டம் கற்போர் இசைவை ஆராயலாம். வணிகம் கற்போர் பட்டியலை ஆராயலாம். இது எவர் துறை என்று கேட்டுக் கேட்டே இதனை எவர் துறையுமல்லாததாக ஆக்கிவிட்டோம்.

நான் வேண்டுவன அதிகமல்ல. முழுப்பெயர் உரியவர் எழுதியவாறே ஒரு நிரலில் இருக்கட்டும். எப்பெயரால் விளிப்பது என்பதை அவரிடமே கேட்டு வேறொரு நிரலில் எழுதுக. பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றி, தமிழறிந்த ஒருவர் கண்ணாற் படித்த பின் அனுப்புக. மொழி விருப்பம் முதலிலும், விலகியோர் பட்டியல் அதனோடும், ஏனையவை அவற்றின் பின்னும் செல்லட்டும். பழையதன் பிரதியைக் காத்து, இரு பக்கத்து எண்ணிக்கையும் ஒத்துப்பார்த்து, குறைந்ததைக் குறித்து வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குக. பட்டியல் இடம் மாறியது என்பதை அதிலுள்ளோருக்கு அறிவிக்குக. இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு நாள் வேலையும் சிறிது நாணமுமே போதும்.

2009இல் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியாவுக்குப் பாதையில் ஏறியே கடக்க வேண்டும். அக்கரையில் இறங்கியதும் பெற்றோர் முதலிற் செய்வது பிள்ளைகளை எண்ணுவது என்று மூத்தோர் சொல்வர். நம் பெயர்களை ஏற்றிச் செல்வோரிடம் நாம் கேட்பதும் அதுவே: அக்கரை சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள்.