பெல்ட் வாங்கும் முன் ஒரு கணக்கு

எங்கள் பள்ளிப் பட்டறையில் படிவம் 4 மாணவர்கள் சிலர் அண்மையில் ஒரு சிறிய மில்லிங் இயந்திரம் செய்தார்கள். அலுமினியத் துண்டில் பள்ளம் வெட்டுவதுதான் நோக்கம். மோட்டார் நன்றாகச் சுழன்றது. வெட்டும் கருவி அலுமினியத்தைத் தொட்டதும் 'டர்ர்' என்று ஒரு சத்தம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால், டைமிங் பெல்ட்டின் பற்கள் உதிர்ந்து கிடந்தன.

"மட்டமான பெல்ட், சார்" என்றான் ஒருவன். உண்மையில் பெல்ட்டில் குறை இல்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் குறை.

டைமிங் பெல்ட் என்பது உட்பக்கம் பற்கள் உள்ள பட்டை. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா காரின் எஞ்சினிலும் இது உண்டு. ஆரம்பப் பள்ளியில் கப்பியையும் பற்சக்கரத்தையும் தனித்தனியாகப் படித்தீர்கள் அல்லவா? இதில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. பற்கள் கப்பியின் பள்ளங்களில் பொருந்துவதால் பெல்ட் வழுக்காது.

மாணவர்கள் வாங்கியது திரீ டி பிரிண்டர்களில் வரும் பெல்ட். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர். அகலம் 6 மில்லிமீட்டர். மலிவானது, எளிதில் கிடைப்பது. ஆனால் பிரிண்டரில் அது இலேசான ஒரு பாகத்தை மட்டுமே இழுக்கிறது. எங்கள் மோட்டாரோ 500 வாட், நிமிடத்துக்கு 3000 சுற்று.

இங்கே உங்கள் இயற்பியல் பாடம் போதும்: திறன் = விசை × வேகம். 20 பல் கப்பி ஒரு முறை சுற்றினால் பெல்ட் 40 மில்லிமீட்டர் நகரும். வினாடிக்கு 50 சுற்று என்றால் வேகம் 2 மீட்டர். 500ஐ 2ஆல் வகுத்தால் விசை 250 நியூட்டன். சுமார் 25 கிலோ அரிசி மூட்டையை அந்த மெல்லிய பட்டையில் தொங்கவிட்டதற்குச் சமம்!

பல் இடைவெளி 5 மில்லிமீட்டர் உள்ள பெல்ட்டை எடுங்கள். அதே 20 பல் கப்பிதான். ஆனால் சுற்றளவு 100 மில்லிமீட்டர் ஆகிறது. வேகம் 5 மீட்டர், விசை 100 நியூட்டன் மட்டுமே. பற்களும் பெரியவை. கப்பியைக் குறைந்தது 6 பற்களாவது பற்றியிருந்தால் சுமை நன்றாகப் பகிரப்படும். அதற்காக அகலமான பெல்ட்டே எப்போதும் நல்லது என்று நினைக்க வேண்டாம். அதை இறுக்கிக் கட்டினால் மோட்டாரின் பேரிங் தேயும்.

"வி பெல்ட் போட்டால் என்ன? கருவி சிக்கினால் அது வழுக்கி மோட்டாரைக் காப்பாற்றுமே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெட்டும் கருவியைச் சுழற்ற வி பெல்ட் போதும். ஆனால் மேசையை நகர்த்தும் திருகுக்கு அது ஆகாது. ஒரு முறை வழுக்கினாலும் அதற்குப் பிறகு வெட்டும் ஒவ்வொரு கோடும் இடம் மாறிவிடும். எனவே முதலில் கேளுங்கள்: இது சுழன்றால் மட்டும் போதுமா, இடமும் தவறாமல் இருக்க வேண்டுமா?

"செய்து பார், உடைந்தால் பெரியதாக வாங்கு" என்பது பலரின் வழி. வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் அது ஆபத்தான வழி. இதில் ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. இயந்திரம் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து நானும் மதிப்பெண் போட்டிருக்கிறேன். இனி எங்கள் பட்டறையில் பொருள் வாங்கும் முன் ஒரு பக்கக் கணக்கு காட்ட வேண்டும். பெல்ட்டுக்கு மூடியும் போட வேண்டும். மற்றப் பள்ளிகளும் இதைச் செய்யலாம்.

1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது முதல் பினாங்கு இயந்திரங்களோடு வாழ்கிறது. அந்த இயந்திரங்களை ஓட்டுவதோடு நில்லாமல் வடிவமைக்கவும் நம் பிள்ளைகள் முன்வர வேண்டும். அதற்கு முதல் படி ஒரு தாளும் ஒரு பென்சிலும்தான்.