துப்பாக்கி வாங்கிப் போட்டால் லாபமா?

சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னையும் பொருளையும் சுந்தரர் பறிகொடுத்தது திருமுருகன்பூண்டியில்தான் என்பார்கள். வேடர்கள் வில்லைக் காட்டிப் பறித்தார்களாம். ஆயுதத்தால் சொத்து போன ஊர் அது. இன்றோ ஆயுதத்தையே சொத்தாகப் பார்க்கிறவர்கள் உண்டு!

"பவுன் வாங்கறோம், காடு வாங்கறோம். பழைய சீமைத் துப்பாக்கி ஒண்ணு வாங்கிப் போட்டா நாளைக்கு விலை ஏறாதுங்களா?"

ஏறியது உண்மை. 1980-களின் நடுவில், தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்கு அரசு தடை போட்டது. வரத்து நின்றால் விலை என்ன ஆகும்? நூல் வாங்கும் பனியன்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். தாத்தா காலத்து வெப்ளி ரிவால்வருக்கு லட்சக்கணக்கில் விலை பேசினார்கள். அமெரிக்காவில் 'பில்லி தி கிட்' என்ற கொள்ளைக்காரனைச் சுட்ட துப்பாக்கி, 2021-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அது அமெரிக்கா. இங்கே விற்பது எப்படி?

பவுனைக் கடையில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் பணம். துப்பாக்கியை விற்க மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குகிறவரிடமும் லைசென்ஸ் வேண்டும். அடகு வைக்கலாம் என்றால், லைசென்ஸ் இல்லாத கடைக்காரர் கையில் வாங்கிய உடனே அவரும் குற்றவாளி! லைசென்ஸ் மனுவிலோ காரணம் கேட்பார்கள். உயிர்ப் பாதுகாப்பு, பயிர்க் காவல் என்று எழுதலாம். 'விலை ஏறட்டும்' என்று எழுத முடியுமா?

எல்லாவற்றுக்கும் மேல் சட்டம் மாறும். ஒருவர் 3 துப்பாக்கி வைக்கலாம் என்றிருந்ததை 2019 டிசம்பரில் 2 ஆக்கினார்கள். (முதலில் ஒன்றே ஒன்று என்றுதான் மசோதா வந்தது.) மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. பரம்பரைத் துப்பாக்கிக்கும் விலக்கில்லை. முதலீடு என்று வைத்திருந்தவர் கதி என்ன?

அடுத்த ஆண்டே இன்னொரு அடி. உத்தரப் பிரதேசத்தில் தயாரான புது வெப்ளி ரிவால்வர் 1.6 லட்சம் ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. கிடைக்காத சரக்கு என்ற மவுசு போச்சு.

வாங்கியவர் கண்ணை மூடினால், மகனுக்கு லைசென்ஸ் இல்லாதவரை அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். கெடுவுக்குள் திரும்பப் பெறவோ விற்கவோ ஏற்பாடு செய்யாவிட்டால், அது சர்க்காருக்கே போய்விடும்.