ஆடவைத்தவர்களின் பெயர்கள்

பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்குப் போகும் வழியிலுள்ள பேராதனைப் பூந்தோட்டத்தில், 1944ஆம் ஆண்டு மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை அமைத்தார் என்பதைச் சரித்திரக்காரர்கள் மறவாமல் எழுதியிருக்கிறார்கள். அச்சேனைக்கெனக் கொழும்பில் எழுந்த வானொலி நிலையம் 1949இல் இலங்கை அரசாங்கத்தின் வசமாகி, அதன் பலத்த ஒலிபரப்பியினால் நமது வானொலி பாரத தேசமெங்கும் கேட்கலாயிற்று என்பதும் பலர் அறிந்ததே. ஆனால் அவ்வானொலியும் இசைத்தட்டுகளும் பழக்கிவிட்ட நடன சங்கீதம் நமது தமிழ்ப் பாட்டில் விளைத்த மாறுதலைப் பற்றிப் பொறுப்போடு எழுதுவோர் மிகச் சிலரே.

போர்த்துக்கேயர் காலத்துக் கபிரிஞ்ஞா என்னும் ஆடலிசையிலிருந்து கிளைத்த பைலா என்னும் துள்ளிசைப் பாட்டை, பொலிஸ் சேவையிலிருந்த வாலி பஸ்தியன் சிங்களத்தில் நிலைநாட்டினார். அதே துள்ளல் தாளத்தை, நமது திஸ்ர நடைக்கு அந்நியமல்லாத அந்தத் தாளத்தை, 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரி மாணவராயிருந்த நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ என்னும் பாட்டில் கிற்றாரோடு இணைத்தபோது, யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழி கூச்சமின்றி மேடையேறியது. இவ்வாறெழுந்த தமிழ்ப் பொப்பிசையில் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழகத்தையும் ஆடவைத்தது. இவற்றைக் கேளிக்கையென்று தள்ளிய நமது விமரிசகர்களின் அலட்சியத்தை யாம் ஏற்பதற்கில்லை. கால்களை அசைக்கின்ற பாட்டு கருத்துக்குரியதன்று என்னும் எண்ணம் ரசனைக் குறைவேயன்றி ரசனையின் உயர்வன்று.

இவ்வலட்சியம் நமக்கு மட்டும் உரியதன்று; நடனத்துக்கு வாசித்த கோஷ்டிகளை அமெரிக்கரும் மறந்தார்கள். அங்கு 1942 ஆவணியில் தொடங்கிய வாத்தியக்காரர் வேலைநிறுத்தம் ஒலிப்பதிவை ஈராண்டுக்கு மேல் முடக்கியது. 1944இல் நடனசாலைகள் மீது நூற்றுக்கு முப்பது வீதமாக வரி விழுந்தது. 1946 முடிவதற்குள் பெருங்கோஷ்டிகள் பல கலைந்தன. அவ்வீழ்ச்சியின் நடுவே கிளோட் தோர்ன்ஹில் என்பவர் நடத்திய நடனக் கோஷ்டி, பிரெஞ்சு ஹோர்னையும் டியூபாவையும் சேர்த்து மந்தமாக மிதக்கும் ஒரு நாதத்தை உண்டாக்கிற்று. அதற்கு இசையை வகுத்துக்கொடுத்த கில் எவன்ஸின் கைவண்ணமும் அந்நாதமும் சேர்ந்தே, ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1949, 1950 ஆண்டுகளில் பதிந்த புகழ்பெற்ற தட்டுகளுக்கு வழிவகுத்தன. டேவிஸின் பெயரை உலகமறியும். தோர்ன்ஹிலை அறிந்தவர் எத்தனை பேர்?

சிங்களப் பொப்பிசையில் பாடகர் கிளரன்ஸ் விஜேவர்தனவை நினைப்பவர்கள் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவையும், அக்காலத்துப் பாட்டுகளைத் தட்டாக்கிய ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரிய’ நிறுவனத்தையும் சேர்த்தே நினைக்கிறார்கள். நாமோ பாடியவரின் பெயரோடு நின்றுவிடுகிறோம். பின்னால் கிற்றார் மீட்டியவர் யார், கொங்கா தட்டியவர் யார், இசையை வகுத்தவர் யார் என்று கேட்டால், அன்று அவர்களோடு ஆடியவர்களே விழிக்கிறார்கள்.

ஆகையால் இவ்விதழ் ஒரு பட்டியலைத் தொடங்குகின்றது. கண்டி, மாத்தளை, கம்பளைப் பகுதிகளில் தமிழ்ப் பொப்பிசைத் தட்டுகளை வைத்திருக்கும் அன்பர்கள் தட்டை அனுப்ப வேண்டியதில்லை; நடுவில் ஒட்டிய தாளிலுள்ள பெயர்களையும், அத்தாளைச் சுற்றித் தட்டிலேயே பொறித்துள்ள இலக்கத்தையும் பார்த்தெழுதினால் போதும். ஆண்டு அச்சிடாத தட்டுகளிலும், எது முன்பு பதிவாயிற்று, எது பின்பு என்பதை அவ்விலக்கத்தைக்கொண்டே பெரும்பாலும் அறியலாம். அத்தட்டுகளில் வாசித்த குழுக்களைச் சேர்ந்தவர்கள் இருப்பின், யார் யாரோடு வாசித்தார் என்று அவர்களே எழுதும்படி மிகவும் வேண்டிக்கொள்கிறோம்.