கிள்ளான் கடைக்கு நாடு முழுக்க விளம்பரம் எதற்கு?

வானொலி கேட்பது தாத்தா பாட்டி காலத்துப் பழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாட்டுக்கு ஸ்போட்டிஃபை இருக்கிறது, செய்திக்குக் கைபேசி இருக்கிறது, பிறகு வானொலி எதற்கு என்று கேட்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காலையில் சமையலறையில் வானொலி ஓடுகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேனில் ஓடுகிறது. தொழிற்சாலைப் பேருந்தில் ஓடுகிறது. முடிதிருத்தும் கடையில் நாள் முழுக்க ஓடுகிறது. மளிகைச் சாமான், பூ, துணி, நகை, கல்யாணச் சாப்பாடு என்று எதை எங்கே வாங்குவது என முடிவு செய்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தாம். அதனால், சிறுவணிகர்களுக்கு வானொலி விளம்பரம் இனி வேலைக்கு ஆகாது என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலைக்கு ஆகும். ஆனால் இன்று அது விற்கப்படும் முறையில், ஒரு சிறிய கடை போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது கடினம். நம் நாட்டில் தமிழ் வானொலி உண்டு. உள்ளூர்த் தமிழ் வானொலி இல்லை என்பதே அதற்குக் காரணம்.

ஆர்டிஎம்மின் மின்னல் எஃப்எம், அஸ்ட்ரோவின் ராகா ஆகிய இரண்டையும்தான் நம் வீடுகளில் அதிகம் கேட்கிறோம். அலைவரிசை எண் ஊருக்கு ஊர் மாறும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னலுக்கு 96.3, ராகாவுக்கு 99.3. வடக்கே பினாங்குக்கோ தெற்கே ஜொகூருக்கோ காரில் போனால் வேறு எண்ணைத் தேட வேண்டும். எண் மாறினாலும் நிகழ்ச்சி ஒன்றுதான். இடையில் வரும் விளம்பரங்களும் பொதுவாக ஒன்றுதான். ஓர் ஊருக்கோ ஒரு மாநிலத்துக்கோ மட்டும் உரிய, நாள் முழுதும் ஒலிக்கும் எஃப்எம் தமிழ் நிலையம் நமக்கு இல்லை. இணைய வானொலிகள் இருக்கின்றன. ஆனால் காரில் ஏறிப் பொத்தானை அழுத்தியதும் வருபவை அவை அல்ல.

வங்கிக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் இது சிக்கலே இல்லை. அலோர் ஸ்டாரிலும் அவர்களுக்குக் கிளை உண்டு, ஜொகூர் பாருவிலும் உண்டு. விளம்பரத்தை யார் கேட்டாலும் அவர் வாடிக்கையாளராக வரலாம். கிள்ளானில் இருக்கும் பூக்கடைக்கு அப்படியா? பத்து வெள்ளி மல்லிகைச் சரம் வாங்க அலோர் ஸ்டாரிலிருந்து யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் அலோர் ஸ்டார் நேயரின் காதுக்கும் சேர்த்துத்தான் பூக்கடைக்காரர் கட்டணம் செலுத்துகிறார்.

சிறிய கடை என்றால் எவ்வளவு சிறியது? எஸ்எம்இ கார்ப் வகுத்துள்ள விளக்கப்படி, சேவைத் துறையில் ஆண்டு விற்பனை 300,000 வெள்ளிக்குக் குறைவாகவோ முழுநேரப் பணியாளர்கள் 5 பேருக்குக் குறைவாகவோ இருந்தால் அது குறுந்தொழில். 300,000 வெள்ளி பெரிய தொகையாகத் தெரியலாம். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 25,000. அதில் சரக்கு வாங்கிய காசு, கடை வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் போக மீதியில்தான் விளம்பரம்.

என் அத்தை சிலாங்கூரில் மசாலாத் தூளும் தோசை மாவும் விற்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்பு தீபாவளி நேரத்தில் ஒரு வானொலியில் இரண்டு வாரம் விளம்பரம் கொடுத்தார். தொலைபேசி நிறைய வந்தது. பேசியவர்களில் பாதிப் பேர் ஜொகூர், கெடா, பேராக் என்று தூரத்து ஊர்க்காரர்கள். “எங்க ஊர்ல கிடைக்குமா?” என்று கேட்டார்கள். அரைத்த மாவை அஞ்சலில் அனுப்ப முடியுமா? கடைசியில் அத்தை சொன்னது இதுதான்: “நாடு முழுக்க என் பேரு கேட்டுச்சு, என் தாமான்ல இருக்கிறவங்களுக்குத் தெரியல.”

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட எண்கள். ஒரு பொட்டலம் மசாலா 5 வெள்ளி, அதில் நிகர லாபம் 1 வெள்ளி 50 காசு என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கு 3,000 வெள்ளி செலவழித்தால், அந்தப் பணம் திரும்பி வர மட்டும் கூடுதலாக 2,000 பொட்டலங்கள் விற்க வேண்டும். லாபம் அதற்குப் பிறகுதான். ஒரு தாமான் கடை இரண்டு வாரத்தில் கூடுதலாக 2,000 பொட்டலம் விற்பது நடக்கக்கூடியதா?

“அப்படியானால் முகநூலில் விளம்பரம் செய்யலாமே? கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. நம்மைப் போன்ற மாணவர்களை நம்பி நடக்கும் சாப்பாட்டுக் கடைக்கு டிக்டாக்தான் நல்லது; எல்லாக் கடைக்கும் வானொலி தேவையில்லை. ஆனால் கைபேசித் திரையில் விளம்பரம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? விரலால் தள்ளிவிடுகிறோம். மாவு பிசையும் கையும் ஸ்டியரிங் பிடித்த கையும் வானொலி விளம்பரத்தைத் தள்ளுவதில்லை. பல ஆண்டுகளாகப் பழகிய அறிவிப்பாளரின் குரலுக்கு வீட்டில் ஒரு மரியாதையும் உண்டு. முகநூலிடம் இருக்கும் வசதியை, அதாவது “என் வட்டாரத்துக்கு மட்டும்” என்ற வசதியை, வானொலியிடமும் கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இது நடக்காத காரியமும் இல்லை. எரா வானொலிக்கு சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனி ஒலிபரப்பு இருக்கிறது. வட்டாரத்துக்கு ஏற்பப் பிரித்து ஒலிபரப்புவது நம் நாட்டு வானொலிக்குப் பழக்கமானதுதான். தமிழுக்குத் தனி நிலையங்கள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மணிக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தில் வடக்குக்கு வடக்குக் கடைகள், நடுப்பகுதிக்குக் கிள்ளான் பள்ளத்தாக்குக் கடைகள், தெற்குக்குத் தெற்குக் கடைகள். கேட்கும் ஆட்கள் குறைவதால் கட்டணமும் குறைய வேண்டும். தனியார் நிலையம் லாபம் பார்த்துத்தான் முடிவெடுக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. மின்னலோ மக்கள் பணத்தில் நடக்கும் பொது ஒலிபரப்பு. முதல் அடியை அது எடுத்து வைக்கலாம்.

இதற்கு நிலையங்கள் சொல்லக்கூடிய பதிலையும் யோசித்துப் பார்த்தேன். ஒரு வங்கியிடம் ஒரே கையெழுத்தில் கிடைக்கும் வருமானத்துக்காக ஐம்பது கடை ஏறி இறங்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். நியாயம்தான். அதனால்தான் கடைக்காரர்களும் ஒன்று செய்ய வேண்டும். தனித்தனியாகப் போகாமல் தெருவாகச் சேர்ந்து போக வேண்டும்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையை எடுத்துக்கொள்வோம். துணிக்கடை, நகைக்கடை, பூக்கடை, தையல்கடை, மருதாணி வைப்பவர், பலகாரக் கடை என்று எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. இவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள் இல்லை. சேலை வாங்க வருபவருக்கு ரவிக்கை தைக்க ஆள் வேண்டும். ரவிக்கை தைக்கக் கொடுத்தவர் பசிக்குச் சாப்பிடப் போவார். ஆறு கடைகள் சேர்ந்தால் மேலே சொன்ன 3,000 வெள்ளி ஆளுக்கு 500 ஆகிவிடும். மசாலாக் கடை இப்போது விற்க வேண்டியது கூடுதலாக 334 பொட்டலங்கள். இது நடக்கக்கூடிய எண். பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, பினாங்கு லெபோ பசார், ஈப்போ லிட்டில் இந்தியா என்று எங்கும் இதைச் செய்யலாம். தெருவின் பெயரை எல்லா வாரமும் சொல்லி, கடையின் பெயரை மட்டும் வாரத்துக்கு ஒன்றாக மாற்றலாம்.

நேரத்தையும் யோசித்து வாங்க வேண்டும். வேலைக்குப் போகும் காலை நேரமும் திரும்பும் மாலை நேரமும்தான் விலை அதிகம். அந்த நேரத்தில் இரண்டு முறை மட்டும் ஒலித்து மறைவதைவிட, கட்டணம் குறைந்த முற்பகலில் பல நாள் தொடர்ந்து ஒலிப்பது சிறிய கடைக்கு நல்லது. கேட்ட பெயர் மனத்தில் நிற்க, அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். மசாலாத் தூளுக்கு முற்பகல் சமையல் நேரத்தைவிட நல்ல நேரம் வேறு உண்டா?

சரி, இதில் மாணவர்களாகிய நமக்கு என்ன வேலை? எழுத்து வேலை.

இன்று வரும் பல விளம்பரங்களின் தமிழைக் கவனியுங்கள். “உங்களது அனைத்துத் தேவைகளுக்கும் ஒரே இடத்தில் சிறந்த தீர்வு” என்பது போன்ற வாக்கியங்கள். கடையின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தக் கடையின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். பெரிய நிறுவனத்துக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியதைத் தமிழாக்குகிறார்கள். சிறிய கடையும் அதே பாணியைப் பார்த்து எழுதுகிறது. அதற்குப் பதிலாக இப்படி இருந்தால்?

“கல்யாணத்துக்குச் சேலை எடுத்தாச்சா? ரவிக்கை தைக்கணுமா? மருதாணி வைக்கணுமா? மாலை சொல்லணுமா? எல்லாம் ஒரே தெருதான். கிள்ளான், தெங்கு கிளானா சாலை. ரயில் நிலையத்துல இறங்கி நடந்தே வந்திடலாம்.”

நான் கைபேசிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். 30 விநாடியில் அவசரமில்லாமல் ஏறத்தாழ 55 சொற்கள்தான் சொல்ல முடிகிறது. அதற்குள் கடை எங்கே இருக்கிறது, என்ன கிடைக்கும், எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். தொலைபேசி எண்ணுக்கு இடம் கொடுக்காதீர்கள். வண்டி ஓட்டுபவர் அதை எழுதிக்கொள்ள மாட்டார். பக்கத்தில் இருக்கும் கோயிலையோ ரயில் நிலையத்தையோ சொல்லுங்கள், அது நினைவில் நிற்கும். எண்ணெய், லேகியம் விற்கும் கடைக்கு எழுதினால் இன்னும் கவனம் தேவை. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி மருந்து விளம்பரத்துக்கு முன்அனுமதி பெற வேண்டும். நீரிழிவு, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று சொல்லவே கூடாது.

எஸ்பிஎம் தேர்வில் தமிழ் எடுத்த எவராலும் 55 சொற்கள் எழுத முடியும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றமும் கவிதைப் போட்டியும் நடத்துகின்றன. அவற்றோடு “உன் ஊர்க் கடைக்கு 30 விநாடி” என்று ஒரு போட்டியையும் சேர்க்கலாமே? கைபேசியிலேயே பதிவு செய்து கடைக்காரரிடம் கொடுக்கலாம். வானொலிக்குப் பணம் சேரும்வரை அவர் அதைப் புலனத்தில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பட்டும். கூடவே ஒரு கணக்குப் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். புதிதாக வருபவரிடம் “எங்கே கேள்விப்பட்டீங்க?” என்று கேட்டு ஒரு மாதம் எழுதி வரச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கு மேலும் பணம் போடலாமா வேண்டாமா என்று அந்தப் புத்தகமே சொல்லிவிடும்.

தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வியை நாம் எல்லாருமே கேட்டிருக்கிறோம். ஒரு கடையின் வியாபாரத்தை நம் தமிழால் கூட்ட முடிந்தால், அந்தக் கேள்விக்குச் சின்னதாக ஒரு பதில் கிடைக்கும். அந்தக் கடைகளில்தான் நம்மில் பலர் எஸ்பிஎம் முடித்த கையோடு முதல் சம்பளம் வாங்கினோம். தீபாவளி நெருங்கிய பிறகு ஆரம்பித்தால் பெரிய நிறுவனங்களின் கூட்டத்தில் சிறிய கடையின் குரல் எடுபடாது. இந்த வாரமே உங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம், வாடிக்கையாளர்கள் எந்தெந்தத் தாமானிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே விளம்பரத்தின் முதல் வரி இருக்கும்.