ஓநாயும் ஒரு கதவும்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில் ஒரு சொற்போர் எழுந்தது. பேச்சு எங்கோ தொடங்கி ஓநாயில் வந்து நின்றது. லக்னோவில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று; பேருந்தில் ஏறினால் மூன்று நான்கு மணி நேரத்தில் பஹ்ராயிச் வந்துவிடும். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "பிள்ளையைத் தூக்கிச் செல்லும் விலங்கிற்குச் சட்டம் காவலா? ஒன்று விடாமல் சுட்டுத் தள்ள வேண்டும்" என்றார். கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர், "ஐயா, அதன் நிலத்தை நாம் எடுத்துக்கொண்டோம், இப்போது அதனையே குற்றவாளி ஆக்குகிறோம்" என்றார். "தம்பி, உன் வீட்டில் குழந்தை இல்லை, அதனால் பேசுகிறாய்" என்று பெரியவர் சொல்ல, கூடம் இரு கட்சியாயிற்று.

குவளை கழுவ வந்திருந்த பெண்மணி பஹ்ராயிச் பக்கத்தவர். நம் அம்மையார் ஒருவர் அவரிடம் இந்தியில், "உங்கள் ஊரார் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார். அவர் எக்கட்சியிலும் சேரவில்லை. "எங்கள் வீட்டிற்குக் கதவு இல்லை, அம்மாஜி. அந்த மழைக்காலம் முழுவதும் என் தங்கை இரவில் உறங்காமல் வாயிற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

அவர் குறிப்பிட்டது 2024-ஆம் ஆண்டு. அவ்வாண்டு பஹ்ராயிச் மாவட்டத்து மஹசி வட்டாரச் சிற்றூர்களில் ஓநாய்கள் இரவில் புகுந்தன. எட்டுப் பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். காயமுற்றோர் முப்பதுக்கு மேல். அரசு 'ஆப்பரேஷன் பேடியா' என்று பெயரிட்டு வேட்டை நடத்தியது. ட்ரோன்கள் வானில் சுற்றின. ஓநாய்களை ஒரு திசையில் துரத்த யானை இலத்தி எரிக்கப்பட்டது. குழந்தையின் சிறுநீரில் நனைத்த துணிப்பொம்மைகள் கூண்டருகே வைக்கப்பட்டன. ஆறு ஓநாய்கள் கொண்ட கூட்டம் எனக் கணக்கிட்டு ஐந்தைப் பிடித்தனர். ஆறாவதை அக்டோபரில் ஊர்மக்களே கொன்றுவிட்டனர். அத்துடன் முடிந்தது என்றுதான் எல்லாரும் எண்ணினர். 2025 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் தாக்குதல் மீண்டும் தொடங்கிற்று.

குட்டியை இழந்த ஓநாய் பழிவாங்குகிறது என்று அப்போது ஒரு கதை உலவியது. நாமும் முதலில் நம்பினோம். கதை சுவையாக இருந்ததே காரணம். ஓநாயை அறிந்த ஆய்வாளர்கள் அதனை ஏற்கவில்லை. காக்ரா ஆற்று வெள்ளம் புதர்க் குகைகளை மூழ்கடித்தது, இரை அரிது, ஊரோ அருகில் இருக்கிறது. இவற்றைத்தான் அவர்கள் சுட்டுகிறார்கள்.

நம்மில் பலர் ஓநாயைக் கண்டதில்லை. ஊரில் நரியைக் கண்டிருப்போம், அது வேறு. ஓநாய் ஏறத்தாழ இருபது கிலோ எடையுடையது, நல்ல நாட்டு நாயைவிடச் சற்றே பெரியது. அது அடர்காட்டு விலங்கும் அன்று. புல்வெளியும் முட்புதரும் வயலோரமுமே அதன் வீடு. அத்தகைய நிலத்தை அரசு ஏடுகள் தரிசு என்று எழுதிவைத்திருக்கின்றன. ஆதலால் "காட்டிற்கே விரட்டுவோம்" என்பதில் பொருளில்லை. அதற்கு அப்படியொரு காடு இல்லை.

பெரியவர் கேட்ட 'ஒன்று விடாத' வேட்டையும் புதிதன்று; ஆங்கிலேயர் செய்து பார்த்ததே. தலைக்கு இவ்வளவு என்று பரிசு வைத்து, 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இரண்டு இலட்சம் ஓநாய்கள் வரை கொல்லப்பட்டிருக்கும் என்பது வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜனின் கணக்கு. இன்று நாடு முழுவதிலும் எஞ்சியிருப்பவை சுமார் மூவாயிரம். உலகிலுள்ள ஓநாய்களில் நம் நாட்டு வகை மிகத் தொன்மையான கிளைகளுள் ஒன்று என மரபணு ஆய்வு கூறுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு ஓநாயும் இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் இளைஞர் கட்சிக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும். 1976-இல் ஓநாய்க்கென்றே மஹுவாடாண்டில் ஒரு சரணாலயம் அமைந்தது. அது இன்றைய ஜார்க்கண்டின் லாதேஹார் மாவட்டத்தில் உள்ளது. அதே லாதேஹாரையும் ஹசாரிபாக், கோடர்மா வனப்பகுதிகளையும் சார்ந்த சிற்றூர்களில்தான் 1993 ஏப்ரல் முதல் 1995 ஏப்ரல் வரை 60 குழந்தைகள் ஓநாய்களுக்கு இரையாயினர். மறு ஆண்டே நம் உத்தரப் பிரதேசத்தின் சுல்தான்பூர், பிரதாப்கர், ஜோன்பூர் மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் தாக்கப்பட்டனர். இவற்றை வெறும் கட்டுக்கதை என்று தள்ளுவோர் அவ்வூர்களுக்கு ஒருமுறை போய்வரட்டும்.

ஐரோப்பாவிலும் இவ்வழக்கு உண்டு. பல பகுதிகளில் அழிந்துபோன ஓநாய் அங்கே திரும்பி, இருபதாயிரத்தைக் கடந்துவிட்டது; 2025-இல் அதற்கிருந்த காப்பினை ஒரு படி தளர்த்தினார்கள். அங்கு பெரும்பாலும் பேச்சு ஆட்டைப் பற்றியது. ஐரோப்பிய ஆணையத் தலைவியின் மட்டக்குதிரையை 2022-இல் ஓர் ஓநாய் கொன்றது உலகச் செய்தியாயிற்று! இங்கு கயிற்றுக் கட்டிலில் உறங்கிய குழந்தையின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.

சட்டம் கையைக் கட்டிவிட்டது என்பதும் முழு உண்மை அன்று. மனித உயிருக்குக் கேடாகிவிட்ட விலங்கினைப் பிடிக்கவும், முடியாதபோது கொல்லவும் தலைமை வனவிலங்குக் காப்பாளர் ஆணையிட அச்சட்டமே வழி வைத்திருக்கிறது. அவ்வாணை விரைந்து வரவேண்டும் என்பதே நம் கட்சி. ஆட்கொண்டு பழகிய ஒன்றிரண்டை உடனே அகற்றாவிடில், ஊரார் கையில் தடி ஏறுகிறது. பிறகு நரியும் நாயும் ஓநாயென்று அடிபடுகின்றன.

விலங்கு மட்டுமா அடிபடுகிறது? 1996-இல் ஓநாய் உருவில் மனிதன் வருகிறான் என்று வதந்தி பரவி, ஊருக்குப் புதியவராக வந்தோர் பலர் தாக்கப்பட்டனர். மொழி சரியாக வாராத வெளியூரார் மீது ஐயம் எவ்வளவு விரைவில் பாயும் என்பதைப் பிழைப்பு நாடி வந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவ்வூர்களை ஆராய்ந்தோர் கூறும் செய்தி ஒன்று நம்மைத் தலைகுனிய வைத்தது. ஆட்டுக்குட்டி இரவில் உள்ளே கட்டப்படுகிறது. குழந்தை வெக்கையில் வெளியே உறங்குகிறது. பெற்றோரைக் குறைகூற எவர்க்கும் வாயில்லை. ஓரறைக் குடிசையில் ஆடும் ஆளும் சேர்ந்து உறங்க இடமேது? வாயிலில் தொங்குவது ஒரு சாக்குத் திரை. கழிப்பறைக்கு வயலுக்குத்தான் போகவேண்டும். 2024-இல் தாக்குதல் தொடங்கிய பின்னர்தான் சில வீடுகளுக்குக் கதவும், தெருவுக்கு விளக்கும் வந்தன.

நம் குவளை கழுவும் பெண்மணியின் தங்கை வீட்டிற்கு இன்னும் வரவில்லை. அவர் மழைக்கு முன் ஊர் செல்கிறார். தகரக் கதவிற்கும் நிலைக்கும் எவ்வளவு ஆகும் என்று அமீனாபாத் கடையில் பெரியவர் விசாரித்து வந்திருக்கிறார். ஒரு கதவோடு நிறுத்தாமல் அத்தெருவில் உள்ள ஐந்து வீடுகளுக்கும் செய்யலாமே என்கிறார் இளைஞர். பங்கு கொள்ள விரும்பும் இல்லத்தார் அடுத்த கூட்டத்திற்குள் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.