ஸ்பீக்கரைப் படுக்க வைக்காதீங்க!

லீவுக்கு ஊருக்குப் போனதும் உங்க வீட்டு டிவி ஸ்டாண்டை ஒரு தடவை பாருங்க. ஸ்பீக்கர் நிக்குதா, படுத்திருக்கா?

எங்க வீட்ல ரெண்டு வருஷம் படுத்துதான் இருந்துச்சு. நிக்க வெச்சா தட்டுல அடங்கல, படுக்க வெச்சா கச்சிதமா உள்ளே போச்சு. ஹால்ல ஓரமா நாற்காலியில உட்கார்ற பாட்டி மட்டும் தினமும் ஒண்ணு சொல்வாங்க: "சத்தம் கேக்குதுடா, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல." நாங்க வால்யூமை ஏத்துவோம். நடுவுல உட்கார்ந்திருக்கிற எங்களுக்குக் காது வலிக்கும். கடைசியில "பாட்டிக்குக் காது மந்தம்"னு சொல்லி முடிச்சிட்டோம்.

அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, நாங்க ஸ்பீக்கரை வெச்ச விதம்.

என் கருத்து இதுதான்: ஸ்பீக்கரை எந்தத் திசையில வைக்கிறோம்ங்கிறது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல. அந்த ரூம்ல யாருக்குத் தெளிவா கேக்கணும்னு நாம எடுக்கிற முடிவு. ஹார்ன் டிவீட்டர் இருக்கிற ஸ்பீக்கர்ல இது இன்னும் முக்கியம். ஏன்னா ஹார்னோட வேலையே சத்தத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குள்ள அடக்கி அனுப்புறதுதான்.

ஒரு ஹார்னுக்கு 90 × 40 டிகிரின்னு போட்டிருந்தா, பக்கவாட்டுல 90, மேல கீழ 40 டிகிரின்னு அர்த்தம். அந்தக் கோணத்தோட ஓரத்துல சத்தம் நடுவுல இருக்கிறதைவிட 6 டெசிபல் குறைஞ்சிருக்கும். இப்படி டிசைன் பண்ணதுக்குக் காரணம் இருக்கு. ஜனங்க சோபாவுல பக்கத்துல பக்கத்துல உட்கார்றாங்க, ஒருத்தர் தலைமேல ஒருத்தர் இல்ல. தரைக்கும் கான்கிரீட் சீலிங்குக்கும் சத்தத்தை அனுப்பினா எதிரொலிதான் மிச்சம். அந்த ஸ்பீக்கரைப் படுக்க வெச்சா எல்லாம் தலைகீழ்: டைல்ஸுக்கும் சீலிங்குக்கும் 90 டிகிரி, மனுஷங்களுக்கு 40. அதாவது நடுவுல இருந்து பக்கத்துக்கு 20 டிகிரிதான்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்தே வரும். கிராஸ்ஓவர் ஃப்ரீக்வென்சியில ஊஃபரும் டிவீட்டரும் ஒரே சத்தத்தைச் சேர்ந்து எழுப்புது. கிராஸ்ஓவர் 2,500 ஹெர்ட்ஸ்னு வைங்க, அலைநீளம் கிட்டத்தட்ட 14 செ.மீ. ரெண்டு டிரைவருக்கும் நடுவுல 18 செ.மீ. இடைவெளி. நேர் எதிர்ல ரெண்டும் ஒண்ணா சேரும். ஆனா டிரைவர்கள் வரிசையா இருக்கிற திசையில சுமார் 22 டிகிரி தள்ளினா பாதை வித்தியாசம் அரை அலைநீளம் ஆகும், ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். ஸ்பீக்கர் நின்னா அந்தப் பள்ளம் மேலயும் கீழயும் விழும், அங்க யாரும் இல்ல. படுத்தா பக்கவாட்டுல விழும். ஸ்பீக்கருக்கு 2.5 மீட்டர் தூரத்துல, நேர்கோட்டுல இருந்து 1 மீட்டர் தள்ளி உட்கார்ந்தா எவ்வளவு கோணம்? டேன் இன்வர்ஸ் 0.4, அதாவது 21.8 டிகிரி. எங்க பாட்டி நாற்காலி கிட்டத்தட்ட அங்கதான்.

2,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் பேச்சுல மெய்யெழுத்துகளைப் பிரிச்சுக் காட்டுற இடம். வயசானா முதல்ல குறையுறதும் ஹை ஃப்ரீக்வென்சி கேட்கிற திறன்தான். ஏற்கெனவே குறைவா கேக்கிறவங்களுக்கு நாம இன்னும் கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தோம்.

"ஹார்ன் வாய் எந்தப் பக்கம் அகலமோ அந்தப் பக்கம் சத்தம் பரவும், அவ்வளவுதானே?"ன்னு கேட்டா, எப்பவும் இல்ல. ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல சிங்கிள் ஸ்லிட் ஞாபகம் இருக்கா? பிளவு ஒடுங்க ஒடுங்க அலை விரியும். குறுகலான பிளவு வெச்ச ஸ்லாட் டிவீட்டர்ல அதேதான் நடக்குது. பிளவு செங்குத்தா நின்னாதான் சத்தம் பக்கவாட்டுல விரியும். படுத்த பிளவு பார்க்க அகலமா தெரியும், ஆனா சத்தம் மேல கீழதான் போகும்.

டேட்டாஷீட்ல இருக்கிற கோணத்தையும் அப்படியே நம்பாதீங்க. எலக்ட்ரோ-வாய்ஸ்ல ஹார்ன் டிசைன் பண்ண டி.பி. கீல் 1975-ல கொடுத்த கணக்குப்படி, ஹார்ன் தன் கோணத்தைக் காப்பாத்துற கீழ் எல்லை, சுமார் 25,400-ஐ கோணத்தாலயும் வாயோட அளவாலயும் (மீட்டர்ல) வகுத்தா வரும். 25 செ.மீ. அகலம், 90 டிகிரின்னா 1,100 ஹெர்ட்ஸ் வரைக்கும் தாங்கும். அதே ஹார்னோட உயரம் 10 செ.மீ., 40 டிகிரின்னா 6,300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த 40 காகிதத்துல மட்டும்தான்.

ரெண்டு பக்கமும் ஒரே கோணம் வர்ற ஹார்னும் உண்டு. 1981-ல வந்த ஜேபிஎல் 4430 ஸ்டூடியோ மானிட்டர்ல ஹார்ன் 100 × 100 டிகிரி. ஆனா கீழே 15 இஞ்ச் ஊஃபர் இருக்கே! படுக்க வெச்சா ஹார்ன் கோணம் மாறாது, கிராஸ்ஓவர் பள்ளம் பக்கத்துக்கு வந்திடும்.

தனி ரூம்ல ஒத்த ஆளா நேர் எதிர்ல உட்கார்ந்து கேக்கிறவங்களுக்கு இதெல்லாம் பெரிய வித்தியாசம் தராது, ஒத்துக்கிறேன். ஆனா ஹால் ஒருத்தருக்கான இடம் இல்லையே.

செய்ய வேண்டியது சுலபம். ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓட விட்டு, போன்ல இருந்து பிங்க் நாய்ஸ் போடுங்க. முதல்ல பக்கவாட்டுல நடங்க, அப்புறம் எழுந்து உட்காருங்க. "ஸ்ஸ்"ங்கிற சத்தம் எங்க மங்குதோ அதுதான் எல்லை. பக்கவாட்டுல சீக்கிரம் மங்கினா ஸ்பீக்கரை நிமிர்த்துங்க. படுக்க வெச்சே ஆகணும்னா, ஹார்ன் சதுர ஃப்ரேம்ல இருந்தா நாலு ஸ்க்ரூவைக் கழட்டி 90 டிகிரி திருப்பி மாட்டலாம். கோணம் சரியாகும், பள்ளம் போகாது.

நாங்க தட்டை விட்டுட்டு ரெண்டு ஸ்டூல் போட்டு நிக்க வெச்சோம். அம்மாவுக்கு ஸ்டூல் இன்னும் பிடிக்கல. பாட்டி இப்பவும் சில வார்த்தைகளை விட்டுடுறாங்க. ஆனா வால்யூமை ஏத்தச் சொல்றது குறைஞ்சிருக்கு.

உங்க வீட்ல ஓரத்து நாற்காலியில யாரு உட்கார்றாங்க? ஒரு நாள் அங்க போய் உட்கார்ந்து கேட்டுப் பாருங்க.